சிஓஇ நீட்டிக்கிறீர்களா? முதலில் டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மாதத்துக்கு இரண்டு தடவை சிஓஇ, அதாவது சிங்கப்பூரில் பத்து வருஷத்துக்கு ஒரு வண்டியை வைத்துக்கொள்ளும் உரிமைச் சான்றிதழ், அதன் ஏல முடிவைப் போடுகிறீர்கள், எந்தப் பிரிவு ஏறியது எது இறங்கியது என்று விவரமாக வருகிறது. அதைப் பார்த்துவிட்டு, இந்த விலைக்குப் புது வண்டியா, ஆளை விடுங்கப்பா, இருக்கிறதையே இன்னும் ஐந்து வருஷமோ பத்து வருஷமோ ஓட்டிக்கொள்கிறேன் என்று முடிவெடுக்கிறவர்கள் நம்மில் ஏராளம். வேறொருவர் நீட்டித்த வண்டியைக் கைமாற்றி வாங்குகிறவர்களும் உண்டு. தப்பே இல்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருஷ வண்டிகூட ஜம்மென்று ஓடும். ஆனால் நீட்டிப்புக்குப் பெரிய தொகையைக் கட்டிவிட்டு, சில மாதங்களில் அதே வண்டியை இழுவண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வருகிறவர்களையும் பார்க்கிறேன். வாங்கும்போது சீட் துணி, சவுண்டு சிஸ்டம், பெயின்ட், கேமரா எல்லாம் விசாரித்திருப்பார்கள். இந்த என்ஜினில் ஓடுவது டைமிங் பெல்ட்டா டைமிங் செயினா, கடைசியாக அதை எப்போது பார்த்தார்கள் என்று மட்டும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான் சின் மிங்கில் ஒரு பட்டறையில் மெக்கானிக். விளம்பரத்துக்காக எழுதவில்லை, அதனால் பட்டறைப் பெயரைப் போடவில்லை.

என்ஜினுக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகலாம். கீழே கிராங்க் ஷாஃப்ட் இருக்கிறது, பிஸ்டன்கள் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றுவது அதுதான். மேலே கேம் ஷாஃப்ட், வால்வுகளைத் திறந்து மூடுவது அதன் வேலை. காற்று உள்ளே வரச் சில வால்வுகள், எரிந்த புகை வெளியே போகச் சில வால்வுகள். கீழே இரண்டு சுற்று சுற்றினால் மேலே சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும், கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் கதை கந்தல். இந்த இரண்டையும் பிணைத்து ஓட வைப்பதுதான் டைமிங் பெல்ட், அல்லது டைமிங் செயின். மேலே உள்ள பல்சக்கரத்தில் கீழே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு பற்கள் இருப்பதும் அதனால்தான். விரைவுச்சாலையில் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது.

இன்றைய என்ஜின்களில் பெரும்பாலானவற்றில் வால்வு திறந்து கீழே நீண்டு நிற்கும் இடமும் பிஸ்டன் உச்சிக்கு ஏறி வரும் இடமும் ஒன்றே. குறுகலான வாசலில் ஒருவர் வெளியே வந்த பிறகுதான் இன்னொருவர் உள்ளே போவார், அப்படி முறை வைத்துக்கொண்டு இரண்டும் அந்த இடத்தைப் பயன்படுத்துகின்றன. அந்த முறையைக் காப்பதே பெல்ட்தான். அது அறுந்தால் கேம் நின்றுவிடும், வால்வுகளில் சில திறந்தபடியே நிற்கும், ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வேகத்தில் கிராங்க் இன்னும் சுற்றும், பிஸ்டன் மேலே ஏறி வரும். அப்புறம் என்ன, மோதல்தான். பழைய கொரோலாக்களில் வந்த 4ஏ-எஃப்இ போன்ற சில என்ஜின்களில் இரண்டுக்கும் இடைவெளி விட்டிருப்பார்கள், அதில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், அவ்வளவுதான், புதுப் பெல்ட்டைப் போட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். அந்தக் கொடுப்பினை இப்போது எல்லாருக்கும் கிடையாது.

ஒரு வண்டியைப் பற்றிச் சொல்கிறேன். சிஓஇ நீட்டித்த ஜப்பானிய கார், வியாபாரி ஒருவரிடம் வாங்கியது. யார் எவர் என்று நான் சொல்லப்போவதில்லை. வண்டிக்காரர் தீவு விரைவுச்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம், ஆக்சிலரேட்டர் செத்துவிட்டது, ஸ்டியரிங் கனத்துவிட்டது, ஓரம் கட்டியிருக்கிறார். பட்டறைக்கு வந்து என்னிடம் ஒரு ரசீதை நீட்டினார். "அண்ணே, பெல்ட் புதுசா மாத்திக் குடுத்தாங்க, பாருங்க, அதுல போட்டிருக்கு." போட்டிருந்தது உண்மைதான், பெல்ட், எண்ணிக்கை ஒன்று. ஆனால் அவர்கள் மாற்றியது வெளியே தெரிகிற ஃபேன் பெல்ட், அதாவது ஆல்டர்னேட்டரையும் ஏர்கானையும் ஓட்டுகிற பெல்ட். பானட்டைத் திறந்தால் கறுப்பாகப் புதுசாக மின்னும், யாருக்கும் திருப்தியாக இருக்கும். டைமிங் பெல்ட் பிளாஸ்டிக் மூடிக்குள்ளே இருக்கிறது, அதைக் கழற்றாமல் கண்ணில் படாது. நான் மூடியைக் கழற்றினேன். பெல்ட் முழுசாக அறுந்துகூடப் போகவில்லை, கீழ்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பற்கள் மொட்டையாகப் பெயர்ந்து, அந்த இடம் வழவழவென்று இருந்தது. கிராங்க் சுற்றுகிறது, பெல்ட் நகரவில்லை. கிராங்க் சீலிலிருந்து, அதாவது எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையத்திலிருந்து, கசிந்த எண்ணெய் மூடியின் அடியில் பிசினாகத் தேங்கியிருந்தது. வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டைத் தூக்கிப் பார்த்தால் ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் பிறை வடிவில் வெட்டு, வால்வு முத்திரை குத்திய அடையாளம். வால்வைக் கையில் எடுத்துக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டினால் தலை ஆடுகிறது, தண்டு வளைந்துவிட்டது. எட்டு வால்வு அப்படி.

பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அது சுற்றிப் போகும் ஐட்லர் சக்கரம், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்து ஒரு செட்டாக மாற்றியிருந்தால் அந்த மாதிரி வண்டிக்குச் சில நூறு வெள்ளியில் முடிந்திருக்கும். ஹெட் வேலை, வால்வு, கேஸ்கெட், கூலி எல்லாம் சேர்ந்தபோது ஆயிரக்கணக்கில் போய்விட்டது. சில வண்டிகளுக்கு அந்தச் செலவே கட்டாது, ஸ்கிராப்தான்.

எண்ணெய் என்றதும் ஒன்று. பெல்ட் என்பது ரப்பர், உள்ளே நீளவாக்கில் கண்ணாடி இழைக் கயிறுகள், பல் பக்கத்தில் நைலான் துணி. பலத்தைக் கொடுப்பது அந்தக் கண்ணாடி இழைதான், ரப்பர் இல்லை. அதனால் வெளியே வெடிப்பே இல்லாமல் பார்க்க நன்றாக இருக்கிற பெல்ட்டும் அறுந்துபோகலாம், "திறந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு, இன்னும் ஓடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என்ஜின் எண்ணெயோ கூலன்ட்டோ மேலே பட்டால் ரப்பர் ஊறிப்போகும், பல் தளர்ந்துவிடும். பாதி நேரம் பெல்ட் பாவம் ஒன்றும் செய்யவில்லை, பக்கத்தில் கசிகிற சீலோ, பேரிங் இறுகிப்போன ஐட்லரோ அதைத் தின்றுவிடுகிறது. பெல்ட்டை மட்டும் மாற்று, மற்றதை விடு, காசு மிச்சம் என்று சொல்லும் வாடிக்கையாளரிடம் நான் வேலை எடுப்பதில்லை. எப்படியும் அத்தனையும் கழற்றித்தான் பெல்ட்டை எடுக்கிறோம், கூலி ஒன்றுதான்.

இதில் நம் ஊர்க் கணக்கு ஒன்று குறுக்கே வருகிறது. என்னைக் கேட்டால் முக்கியமே இதுதான். பல பெல்ட்டுகளுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் கெடு 100,000 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும், சிலவற்றுக்கு அதைவிடக் கூடுதல். கிலோமீட்டர் ஓடவில்லை என்றாலும் இத்தனை வருஷத்தில் மாற்று என்று தனியாக ஒரு கணக்கும் இருக்கும். ஆண்டுக்கு 11,000, 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அந்தக் கெடு எப்போது வரும்? எட்டாவது, ஒன்பதாவது வருஷம். அப்போது வண்டிக்காரர் என்ன நினைப்பார்? இன்னும் கொஞ்ச நாளில் சிஓஇ முடிகிறது, வண்டியைக் கொடுத்துவிட்டு அரசாங்கம் திருப்பித் தரும் கழிவுத்தொகையை வாங்கப்போகிறோம், இதற்குப் போய் எதற்குச் செலவு? அவர் நினைப்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. அதே காரணத்தால் கடைசி இரண்டு வருஷம் என்ஜின் ஆயிலையும் தள்ளித் தள்ளி மாற்றியிருப்பார். ஆனால் அந்த வண்டி ஸ்கிராப்புக்குப் போகவில்லை, சிஓஇ விலை ஏறியிருக்கிறது என்று வியாபாரி அதை வாங்கி, நீட்டித்து, பாலிஷ் போட்டு உங்களிடம் விற்கிறார். பழைய வண்டிக்காரர் மாற்றாமல் விட்ட பெல்ட், அவர் தள்ளிப்போட்ட ஆயில், இரண்டும் உங்கள் தலையில். வேறு நாட்டில் பத்து வருஷ வண்டி அதன் வாழ்க்கையில் பாதி வழியில் இருக்கிறது, ஓட்டுகிறவருக்கும் அது தெரியும், அதற்குத் தகுந்தபடி செலவழிக்கிறார். இங்கே பத்தாவது வருஷம் என்பது முடிவு என்று நினைத்துக்கொண்டே முதல் பத்து வருஷம் ஓட்டுகிறோம்.

வருடாந்திர சோதனையில் பாஸானதே என்று கேட்பார்கள். கார் மூன்று வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பத்து வயது தாண்டினால் ஆண்டுக்கு ஒரு முறை சோதனைக்குப் போகிறது, சரி. அங்கே பிரேக், புகை, விளக்கு, டயர் போன்றவற்றைப் பார்க்கிறார்கள். டைமிங் மூடியைக் கழற்றிப் பார்ப்பது அவர்கள் வேலை இல்லை, அதற்காகக் குறை சொல்லவும் முடியாது. காலையில் சோதனையில் பாஸாகி மத்தியானம் பெல்ட் அறுந்தாலும் இரண்டும் உண்மைதான்.

இனி செயினுக்கு வருகிறேன். "என் வண்டி செயின், வாழ்நாள் முழுக்கத் தொடவே வேண்டாம்" என்று கோப்பிக் கடையில் ஒருவர் சொன்னால் பக்கத்து மேசையில் நாலு பேர் தலையாட்டுகிறார்கள். செயின் ஏதோ புதுக் கண்டுபிடிப்பு என்ற நினைப்பும் இருக்கிறது. உண்மையில் செயின்தான் மூத்தது. பெல்ட் ஓட்டும் கேம் ஷாஃப்டோடு விற்பனைக்கு வந்த முதல் கார் 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004, அந்த நிறுவனத்தைப் பிறகு 1966இல் பிஎம்டபிள்யூ வாங்கிக்கொண்டது. அதற்கு முன்னால் செயின் அல்லது கியர்தான். பெல்ட் சத்தம் போடாது, எடை குறைவு, விலை குறைவு, எண்ணெய் தேவையில்லை, அதனால் எழுபது எண்பதுகளில் எங்கும் பரவியது. பிறகு 2000ஐ ஒட்டி, அடிக்கடி மாற்றும் தொல்லை வேண்டாம் என்று பல தயாரிப்பாளர்கள் திரும்பவும் செயினுக்கே போனார்கள். இங்கே ஓடும் வியோஸ், ஆல்டிஸ், ஹோண்டா ஜாஸ், சிட்டி எல்லாம் செயின் வண்டிகள்.

நல்ல ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் இந்த ஜப்பானியச் செயின்கள் உண்மையிலேயே வண்டியின் ஆயுளுக்கு ஓடுகின்றன, நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த 'நேரத்துக்கு மாற்றினால்' என்ற நிபந்தனையை எல்லாரும் விழுங்கிவிட்டுப் பாதியைத்தான் சொல்கிறார்கள். செயின் ஆயிலில் குளித்துக்கொண்டே ஓடுகிறது. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு பின், ஒரு புஷ். அழுக்கு ஆயிலில் கரித்தூள் இருக்கும், அது ஒவ்வொரு பின்னையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும், நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணிகளில் தலைமுடி அளவுகூட வேண்டாம், அதற்கும் குறைவாகத் தேய்ந்தாலே மொத்தச் செயினும் நீண்டுவிடும். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில்தான் நீள்கிறது, ஆயில் குறைந்தாலோ கெட்டியானாலோ அது பிடிக்காது. செயின் உரசிப் போகும் கைடு பிளாஸ்டிக், வருஷக்கணக்கான சூட்டில் மொறுமொறுப்பாகி உடையும், உடைந்த துண்டு கீழே ஆயில் தொட்டியில் விழுந்து உறிஞ்சும் வலையை அடைக்கும்.

செயின் போவதற்கு முன் பெரும்பாலும் சொல்லிவிட்டுப் போகும், அதுதான் பெல்ட்டைவிட அதில் நல்லது. காலையில் அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்கிறீர்கள், முதல் இரண்டு மூன்று விநாடி 'கடகட கடகட' என்று உலோகச் சத்தம், சுவரில் பட்டு எதிரொலிக்கும், பிறகு ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். அடங்கிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். சில நாள் கழித்து என்ஜின் விளக்கு எரியும், மெஷினைப் போட்டுப் பார்த்தால் கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்ற அர்த்தத்தில் பி0016 போன்ற எண் வரும். அந்த எண்ணை அழித்துவிட்டு வண்டியைக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கேம் சென்சரை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், சில நேரம் சென்சர்தான் கோளாறு, அதற்காக எல்லா நேரமும் அப்படி இல்லை.

எல்லாச் செயினும் ஒரே மாதிரி இல்லை. பிஎம்டபிள்யூவின் என்20 என்ஜினில் செயின் கைடு விஷயம் அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போடும் வரை போனது. அதே நிறுவனத்தின் என்47 டீசலில் செயினை என்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக வைத்திருக்கிறார்கள், அதை மாற்ற கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்க வேண்டும், பில்லைப் பார்த்தால் மயக்கம் வரும். ஃபோல்க்ஸ்வாகன் கோல்ஃப் 1.4 டிஎஸ்ஐயை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறாம் தலைமுறையில் இருந்தது செயின், அது நீளுகிறது என்று உலகம் முழுக்கப் புகார் வந்தது, ஏழாம் தலைமுறையில் அதே 1.4 டிஎஸ்ஐ பெயரில் வந்த என்ஜினில் இருப்பது பெல்ட். பெயர் ஒன்று, என்ஜின் வேறு. அதனால்தான் "கோல்ஃபுக்குப் பெல்ட்டா செயினா?" என்று யாராவது ஃபோனில் கேட்டால் நான் பதில் சொல்வதில்லை, வண்டியின் பதிவு விவரம் இருக்கும் லாக் கார்டில் உள்ள என்ஜின் எண்ணையும் வருஷத்தையும் அனுப்பச் சொல்கிறேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மூன்றாவது ஆள் வந்திருக்கிறது, அதைப் பற்றித்தான் நம் ஆட்களுக்குக் கொஞ்சமும் தெரியவில்லை. ரப்பர் பெல்ட்டேதான், ஆனால் என்ஜினுக்கு வெளியே உலர்ந்து ஓடாமல் உள்ளே ஆயிலில் நனைந்தபடி ஓடும். வெட் பெல்ட் என்பார்கள். உராய்வு குறையும், எரிபொருள் கொஞ்சம் மிச்சம், சத்தமும் குறைவு. ஃபோர்டின் 1.0 இகோபூஸ்ட், பெஜோ சிட்ரோயன் வண்டிகளின் 1.2 ப்யூர்டெக் ஆகியவை இந்த வகையில் பேர்போனவை. 1,600 சிசிக்குள், 97 கிலோவாட்டுக்குள் என்பது ஏ பிரிவு சிஓஇயின் வரம்பு, சின்ன டர்போ என்ஜின்கள் அதில் அழகாகப் பொருந்துவதால் அந்த ப்யூர்டெக் வண்டிகள் இங்கே நிறைய விற்றன. குறுகிய தூர ஓட்டத்தில் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கிறது, அது ரப்பரைக் கரைக்கிறது, பெல்ட்டிலிருந்து உதிரும் துகள்கள் ஆயில் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொள்கின்றன, ஆயில் அழுத்தம் விழுகிறது. பிரேக்குக்கு வெற்றிடம் தரும் பம்பு வரை அந்தத் துகள் போய்ப் பிரேக் கனத்துப்போகலாம் என்று அந்த வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்ததும் நடந்தது. 2024இல் ஐரோப்பாவில் ப்யூர்டெக் தயாரிப்பாளரே இதற்கான உத்தரவாதத்தைப் பத்து ஆண்டு அல்லது 175,000 கிலோமீட்டர் வரை நீட்டினார், புதிய ஹைபிரிட் வகையில் செயினுக்கும் மாறிவிட்டார்கள். இந்த ப்யூர்டெக் என்ஜினில் ஒரே ஒரு நல்ல காரியம், ஆயில் ஊற்றும் வாயைத் திறந்து டார்ச் அடித்தாலே பெல்ட் தெரியும், அதன் அகலத்தை அளக்க ஒரு சின்னக் கருவியும் உண்டு, பெல்ட் ஊறிப் பெருத்திருந்தால் கருவி உள்ளே இறங்காது. ஐந்து நிமிட வேலை. அந்த வண்டியை வாங்கப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள், கையேட்டில் சொல்லியிருக்கும் வகை ஆயிலைத் தவிர வேறெதையும் ஊற்றவும் விடாதீர்கள்.

வேன், லாரி ஓட்டுகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. ஹையேஸில் வந்த 3.0 டீசல், 1கேடி என்ஜின், பெல்ட் வண்டி. கெடு வந்ததும் டேஷ்போர்டில் டி-பெல்ட் என்று ஒரு விளக்கு எரியும். பெல்ட்டை மாற்றிய பிறகு அந்த விளக்கைக் கையால் அணைக்க ஒரு வழி இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் பெல்ட்டை மாற்றாமலும் அதே வழியில் அணைக்கலாம். கம்பெனி வண்டிகளில் இது சர்வசாதாரணம், ஓட்டுநர் விளக்கு எரிகிறது என்று சொல்வார், முதலாளி அடுத்த மாதம் பார்ப்போம் என்பார், யாரோ ஒருவர் விளக்கை அணைத்துவிடுவார், அப்புறம் எல்லாரும் மறந்துவிடுவார்கள். பின்னால் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது விரைவுச்சாலையின் நடுப் பாதையில் என்ஜின் நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? விளக்கு எரிந்த தேதியையும் கிலோமீட்டரையும் படம் பிடித்து முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள் தம்பி, வாயால் சொன்னது நிற்காது.

மோட்டார் சைக்கிளில் தினமும் ஜோகூரிலிருந்து வருகிறவர்கள் பின்சக்கரச் செயினுக்கு எண்ணெய் விடுவதைத்தான் செயின் பராமரிப்பு என்று நினைக்கிறார்கள். நான்கு ஸ்ட்ரோக் பைக்கில் சிலிண்டருக்குப் பக்கத்தில் உள்ளே இன்னொரு செயின் இருக்கிறது, கேம் செயின், கார் டைமிங் செயின் செய்கிற அதே வேலை. பழைய யமஹா ஆர்எக்ஸ்இசட் பைக் இரண்டு ஸ்ட்ரோக், அதில் கேமும் இல்லை, கேம் திறக்கிற வால்வும் இல்லை, அதனால் அந்தக் காலத்து ஆட்களுக்கு இந்தப் பழக்கமே வரவில்லை. பைக்கில் ஆயில் ஒரு லிட்டரை ஒட்டித்தான் இருக்கும், அது அரை லிட்டராகக் குறைந்தால் முதலில் கத்துவது இந்தச் செயின்தான்.

கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்வதற்கும் அந்த ஜோகூர்ப் பாலமே போதும். தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்கும் நேரம் முழுக்க ஏர்கான் ஓடுகிறது, என்ஜின் நிமிடத்துக்கு எழுநூறு எண்ணூறு சுற்றில் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பெல்ட்டும் செயினும் அதோடு சுற்றுகின்றன, மீட்டரில் ஏறுவது ஒன்றிரண்டு கிலோமீட்டர். காற்று வீசாத பானட்டுக்குள் சூடு வேறு. வாரத்தில் ஒருநாள் மார்க்கெட்டுக்கு மட்டும் எடுக்கும் வண்டி என்றாலும் ரப்பருக்கு வயசாகிறது, ஆயிலும் கெடுகிறது. கையேட்டில் 'கடினமான ஓட்டம்' என்று ஒரு தனி அட்டவணை இருக்கும், நெரிசலும் குறுகிய தூரமும் வெயிலும் அதில்தான் சேரும். சிங்கப்பூரில் ஓடும் வண்டி எல்லாமே என் கணக்கில் அந்த அட்டவணைதான். ஹைபிரிட் வண்டிக்காரர்கள் நமக்கு இது இல்லை என்று நினைக்க வேண்டாம், உங்கள் வண்டியிலும் என்ஜின் இருக்கிறது, செயின் இருக்கிறது. முழு மின்சாரக் காரில் மட்டும்தான் இரண்டும் கிடையாது.

வாங்கும்போது என்ன கேட்பது? "டைமிங் பெல்ட் மாற்றியாச்சா" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். எத்தனை கிலோமீட்டரில், எந்தத் தேதியில், எந்தப் பட்டறையில், டென்ஷனரும் வாட்டர் பம்பும் சேர்த்தா என்று கேளுங்கள், ரசீதில் 'டைமிங்' என்ற வார்த்தை இருக்கிறதா பாருங்கள். பல பட்டறைகள் மூடியிலோ பானட்டின் உட்புறத்திலோ தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஸ்டிக்கர் ஒட்டும், அதைத் தேடுங்கள். எதுவும் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் பேசிக் குறையுங்கள். செயின் வண்டி என்றால் ஆயில் மாற்றிய ரசீதுகள் வேண்டும், அதோடு வண்டியைச் சூடேற்றி வைக்காமல் காலையில் முதல் ஸ்டார்ட்டை நீங்களே போட்டுக் கேளுங்கள். நான் போகும்போது ஏற்கெனவே என்ஜின் சூடாக இருந்தால் மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன்.

குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பாதுகாப்புத் தரும் லெமன் சட்டம் இருக்கிறதே என்பவர்களுக்கு: 2012 செப்டம்பரில் வந்த அந்தச் சட்டம் வியாபாரியிடம் வாங்கும் பழைய கார்களுக்கும் பொருந்துகிறது, ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் வழக்கமான தேய்மானம் அதில் சேராது, பெல்ட் தேய்மானப் பொருள்தானே என்று வியாபாரி வாதாடுவார். தனியாளிடம் நேரடியாக வாங்கினால் அந்தச் சட்டமும் இல்லை. விற்பனை ஒப்பந்தத்திலேயே டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது, அல்லது மாற்றியதற்கு ஆதாரம் இல்லை என்று ஒரு வரி கட்டாயம் எழுத வேண்டும் என்று வைத்தால் பாதித் தகராறு குறையும். நிலப் போக்குவரத்து ஆணையமும் பயனீட்டாளர் சங்கமும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், உங்கள் நாளிதழும் கேட்க வேண்டும்.

வேலை கொடுக்கும்போது பழைய பெல்ட்டைப் பெட்டியில் போட்டுத் திரும்பக் கேளுங்கள், எந்த நல்ல மெக்கானிக்கும் கோபித்துக்கொள்ள மாட்டார். நேரம் இருந்தால் கூடவே நின்று பாருங்கள். புதுப் பெல்ட்டை மாட்டி, பல்சக்கரங்களில் இருக்கும் டைமிங் குறிகளைச் சேர்த்த பிறகு, சாவியைத் திருகுவதற்கு முன்னால், கிராங்க் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் திரும்பவும் அதே இடத்துக்கு வருகிறதா என்று பார்ப்பவர்தான் வேலை தெரிந்தவர். எங்கேயாவது முட்டினால் கையில் தெரிந்துவிடும், ஸ்டார்ட்டரில் தெரியாது.

கடைசியாக ஒன்று, இது அறுந்துபோன பிறகு செய்வது. ஓடும்போது என்ஜின் சட்டென்று நின்று, திரும்ப ஸ்டார்ட் செய்தால் வழக்கத்தைவிட லேசாக, 'விர்ர்' என்று வேகமாகச் சுற்றுகிறது, பிடிக்கவே இல்லை என்றால் உள்ளே அழுத்தம் இல்லை, டைமிங் போயிருக்கலாம். திரும்பத் திரும்ப சாவியைத் திருகாதீர்கள், ஒவ்வொரு திருகலும் இன்னும் இரண்டு வால்வை வளைக்கும். விளக்கைப் போட்டு, வண்டியை விட்டு இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொள்ளுங்கள். விரைவுச்சாலை என்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விரைவுச்சாலைக் கண்காணிப்புப் பிரிவான எமாஸின் இழுவண்டி வந்து பக்கத்தில் ஒதுக்கியிருக்கும் கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துவிடும். அங்கிருந்து பட்டறைக்கு அனுப்பும்போது, நாங்கள் வந்து பார்க்கும்வரை யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம் என்று இழுவண்டிக்காரரிடமும் சொல்லிவிடுங்கள், ஏற்றும்போது அவர் ஒரு தடவை திருகிப் பார்ப்பார்.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்,
ஈசூன்